அனுப்பியாச்சு என்கிறது ஆலை, வரவில்லை என்கிறது வங்கி: கரும்புப் பணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்றேகால் ஏக்கர் வைத்திருக்கிறேன். 2019க்கு அப்புறம் மக்காச்சோளம்தான் போட்டு வந்தேன். இந்த முறை மறுபடி கரும்பு. ஜனவரி 20ஆம் தேதியோடு 42 டன் வெட்டி ஆலைக்கு ஏற்றி முடித்தாயிற்று. ஏப்ரல் பிறந்தும் பணம் வரவில்லை. ஆலையின் கோட்ட அலுவலகத்தில் கேட்டால், "பிப்ரவரி 27ஆம் தேதியே பேங்குக்கு அனுப்பியாச்சு" என்கிறார்கள். பேங்கில் கேட்டால், "ஒண்ணும் வரலையே" என்கிறார்கள். நடுவில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்குத் தவணை நெருங்குகிறது. யாரிடம் போய் முட்டுவது? தாமதத்துக்கு வட்டி கேட்க முடியுமா?

பதில்: வட்டி கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆலையிலிருந்து கிளம்பவே இல்லையா, கிளம்பி வழியில் சிக்கியதா, வந்து சேர்ந்தும் வங்கி பிடித்து வைத்திருக்கிறதா? மூன்றுக்கும் போகவேண்டிய வாசல் வேறு வேறு. இது தெரியாமல் ஆட்சியருக்கு மனு எழுதினால், அது ஆலைக்குப் போய், ஆலை "அனுப்பிவிட்டோம்" என்று ஒரு வரி பதில் போட்டு, மனு முடித்துவைக்கப்படும். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படி முடித்துவைத்த மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரே ஒரு எண் போதும். நெஃப்ட் முறையில், அதாவது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மின்வழியில், பணம் அனுப்பினால் ஒவ்வொரு வரவுக்கும் 16 இலக்க யூடிஆர் எண் ஒன்று விழும். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். கோட்ட அலுவலகத்தில் "அனுப்பியாச்சா?" என்று கேட்காதீர்கள். "என் பெயருக்கு நேரே உள்ள யூடிஆர் எண், தொகை, தேதி, அனுப்பிய கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். (ஐஎஃப்எஸ்சி என்பது வங்கிக் கிளையின் குறியீடு.) வாயால் சொன்னால் குறித்துக்கொண்டு வராதீர்கள், தாளில் வாங்குங்கள். எண்ணைக் கொடுக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் பணம் கிளம்பவில்லை என்று அர்த்தம். "லிஸ்ட் போட்டாச்சு" என்பதைத்தான் "அனுப்பியாச்சு" என்று சொல்லியிருப்பார்கள்.

எண் கிடைத்தால் ஆட்டம் மாறிவிடும். நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், ஞாயிறு திங்கள் என்றில்லாமல் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுகிறது. தொகுப்பு முடிந்த 2 மணி நேரத்துக்குள் உங்கள் வங்கி பணத்தை வரவு வைக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய இடத்துக்கே திருப்பிவிட வேண்டும். நடுவில் ஒரு மாதம் தொங்குவதற்கு இடமே கிடையாது. வங்கி இதில் தாமதித்தால் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2 சதவீதம் சேர்த்து வட்டி கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, பிப்ரவரி 27இல் கிளம்பிய பணம் ஏப்ரலில் உங்கள் கணக்கில் இல்லை என்றால், அது அநேகமாகத் திரும்பிப் போய் ஆலையின் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். ஆலை நூற்றுக்கணக்கான பேருக்கு மொத்தமாகப் பட்டியல் போட்டு அனுப்புகிறது. திரும்பி வந்த நாலைந்து வரிகளை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, விவசாயிக்கு போன் போட்டுச் சொன்னால்தான் உண்டு. அந்த ஒருவர் பல இடங்களில் இருப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இங்கேதான். நீங்கள் அனுப்பிய பாஸ்புக் முதல் பக்கப் படத்தில் இருப்பது, இன்று அந்தப் பெயரில் இல்லாத ஒரு வங்கி. 2019, 2020இல் வங்கிகளைப் பெரிய அளவில் இணைத்தார்கள். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் சேர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி, டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. கிளை அதே தெருவில், அதே மாடியில் இருக்கும், மேனேஜர் கூட அவரேதான் இருப்பார். ஆனால் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும், சில இடங்களில் கணக்கு எண்ணும் மாறியிருக்கும். நீங்கள் 2019இல் கரும்புப் பதிவுக்குக் கொடுத்த விவரத்தையே ஆலை இந்தப் பருவத்துக்கும் எடுத்துப் போட்டிருந்தால், பணம் போகவேண்டிய விலாசமே இல்லை.

இன்னொன்று. அந்தக் கணக்கில் 2019க்கு அப்புறம் போட்டதும் எடுத்ததும் இல்லை என்று தெரிகிறது. 2 வருடம் வாடிக்கையாளர் தொடாத கணக்கு 'செயல்படாத கணக்கு' ஆகிவிடும். கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி ஆவணங்கள், புதுப்பிக்காமல் முடங்கியும் இருக்கலாம். ஆதார், ஒரு புகைப்படம், கையெழுத்தோடு கிளைக்குப் போங்கள். மறுபடி செயல்பட வைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

வேறு கணக்கு கொடுக்கலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை. முழு ஆவணம் இல்லாமல் வெறும் போட்டோவும் கையெழுத்தும் வைத்துத் திறந்த 'சிறு கணக்கு' என்றால், அதில் ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது, எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு ஏக்கர் கரும்புப் பணமே இந்த வரம்பை முட்டிவிடும். வீட்டில் யாருக்காவது ஜன்தன் கணக்கு இருக்கிறது, அதைக் கொடுப்போம் என்று கிளம்புவதற்கு முன், அது எந்த வகை என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், பதிவு உங்கள் பெயரில் இருக்கும்போது பையன் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

சரி, வட்டிக்கு வருவோம்.

1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் 3ஆம் பிரிவு, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கூட்டுறவு ஆலை, தனியார் ஆலை என்ற பேதம் இதில் இல்லை. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) டன்னுக்கு 3,550 ரூபாய். பிழிதிறன் 9.5க்குக் கீழே இருக்கும் ஆலைக்கு 3,290.50. குறைந்த விலையையே வைத்துக்கொண்டால் 42 டன்னுக்கு 1,38,201 ரூபாய். வெட்டுக்கூலி, உரம் என்று பிடித்தம் எதுவும் இல்லை என்று கொண்டால், ஒரு நாள் தாமதத்துக்கு வட்டி ஏறக்குறைய 56 ரூபாய் 79 காசு. 14 நாள் பிப்ரவரி 3ஆம் தேதி முடிந்தது. ஆலை சொல்வதுபோல 27ஆம் தேதி உண்மையாகவே அனுப்பியிருந்தாலும் 24 நாள் தாமதம், 1,363 ரூபாய். அனுப்பவே இல்லை என்றால் மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. (லோடு லோடாகப் போன கரும்புக்கு ஒவ்வொரு எடைச் சீட்டின் தேதியிலிருந்தும் தனித்தனியாக எண்ண வேண்டும். நான் கடைசி லோடை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.)

அனுப்பி, பழைய ஐஎஃப்எஸ்சியால் திரும்பியிருந்தால்? 27ஆம் தேதி வரைக்குமான வட்டி சந்தேகமில்லாமல் உங்களுடையது. அதற்குப் பிறகான நாட்களுக்கு, "தப்பான விவரம் கொடுத்தது விவசாயி" என்று ஆலை சொல்லும். "திரும்பி வந்ததை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது யார்?" என்று நீங்கள் கேட்கலாம். திரும்பிய தேதி கையில் இருந்தால் உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. அந்த 14 நாள் விதியிலேயே, 'எழுத்துப்பூர்வமாக வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில்' என்று ஒரு வாசகம் உண்டு. கரும்புப் பதிவின்போது கரும்பு உதவியாளர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நின்றபடியே, ஒருவேளை டிராக்டர் மட்கார்டில் வைத்தே போட்டிருப்பீர்கள். அதில் பணம் கொடுக்கும் கெடு பற்றி ஒரு வரி இருந்தால் விஷயம் மாறும். அதன் நகலை வாங்கிப் படியுங்கள். ஆலை இதுவரை இந்த வாதத்தை எடுக்கவில்லை என்றால், நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

வட்டி தானாக வராது. பாக்கியைக் கொடுக்கும்போது அசலை மட்டும் கொடுத்துவிட்டு, 'கணக்கு நேர்' என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போடுங்கள், ஆனால் 'வட்டி நீங்கலாக' என்று பக்கத்தில் உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

ஆலையே அனுப்பவில்லை என்று தெரிந்தால் மனு ஆலை நிர்வாகத்துக்கு, நகல் சென்னையில் உள்ள சர்க்கரைத்துறை ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும். பாக்கியை நிலவரி பாக்கிபோல் ஆட்சியர் மூலம் வசூலிக்க அதே ஆணை வழி வைத்திருக்கிறது. அந்த நடவடிக்கை தனியாளுக்காக நகர்வது அபூர்வம். பாக்கி உள்ள பத்து இருபது பேர் எடைச் சீட்டு நகலோடு குறைதீர் நாளில் சேர்ந்து போனால் பேச்சே வேறு. எடைச் சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது: சில இடங்களில் பஸ் டிக்கெட் மாதிரியான வழவழத் தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். அது சட்டைப் பையில் வியர்வை பட்டு, மூன்று மாதத்தில் வெள்ளைத் தாள் ஆகிவிடும். வாங்கின அன்றைக்கே நகல் எடுங்கள்.

வங்கியில் சிக்கல் என்றால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் எப்படிப் பதிவது என்று கேட்டுக்கொள்ளலாம். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்தக் குறைதீர்ப்பாளரின் கீழ் வராது, அங்கே பிரச்சினை என்றால் கூட்டுறவு இணைப்பதிவாளர்தான்.

மூன்றாவது வகை, வந்த பணத்தை வங்கி கடனுக்காகப் பிடித்துக்கொள்வது. உங்களுக்கு இது இல்லை, ஏனென்றால் கடன் சங்கத்தில், கணக்கு வேறிடத்தில். ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு ஆலை சிபாரிசில் வாங்கிய வங்கிக் கடன் இருக்கும். அதில் ஆலையே கரும்புப் பணத்திலிருந்து பிடித்து வங்கிக்குக் கட்டும். பில்லில் 'வங்கிக் கடன்' என்று கழித்திருப்பதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கழித்தது வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கடன் கணக்கின் அறிக்கையை வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 நவம்பர் கடைசியில் கரும்பு விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அவர்கள் குறைகளில் ஒன்று, தங்கள் பெயரில் வங்கிகளில் ஏறியிருந்த கடன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை எடுத்தால், உங்களுக்கே தெரியாத கடன் உங்கள் பெயரில் இருந்தாலும் தெரிந்துவிடும்.

உங்கள் பயிர்க்கடன் தவணைதான் இப்போது அவசரம். தமிழ்நாட்டில் சங்கக் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும், அப்புறம் வட்டி கட்டவேண்டும். வெள்ளம், வறட்சி என்றால் கடனை மாற்றியமைக்க வழி உண்டு, ஆலை பாக்கி வைத்ததற்கு அது பொருந்தாது. அதனால் எங்காவது பத்து நாளைக்குப் புரட்டியாவது தவணைக்குள் கட்டிவிடுங்கள். புரட்ட முடியவே இல்லை என்றால், ஆலையிடம் 'இன்ன தொகை பாக்கி' என்று ஒரு கடிதம் வாங்கிச் சங்கச் செயலாளரிடம் தேதிக்கு முன்னால் கொடுத்து வையுங்கள். சலுகை திரும்பக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆலையிடம் நஷ்டம் கேட்கும்போது அந்தக் கடிதம் உதவும். பாக்கியை ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். வழக்கு என்று போனால் 3 வருடக் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

மாநில அரசின் சிறப்பு ஊக்கத்தொகை இந்த 1,38,201இல் சேராது. 2024-25 பருவத்துக்கு அது டன்னுக்கு 349 ரூபாய். அது அரசு தரும் பணம், தனியாக வரும். அது வராததற்கு ஆலையோடு சண்டை போடாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் முதலில் வங்கிக்குப் போய்க் கணக்கை உயிர்ப்பித்து, புதிய ஐஎஃப்எஸ்சி அச்சிட்ட பாஸ்புக்கை வாங்குங்கள். அதன் நகலோடு கோட்ட அலுவலகம் போய் யூடிஆர் எண்ணைக் கேளுங்கள். எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்ப்போம். கணக்கு எண்ணில் கடைசி நாலு இலக்கம் மட்டும் போதும், முழு எண்ணும் ஆதார் நகலும் அனுப்ப வேண்டாம்.