ஏழாவது எண்ணில் எந்த உதை?

வணக்கம் ஐயா,

கோத்தகிரியில் பன்னிரண்டு வருடமாகக் கராத்தே பழகுகிறேன், பிரவுன் பெல்ட். எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பள்ளியைத் தொடங்கிய மாஸ்டர் சென்ற ஆண்டு காலமானார். இப்போது அவருடைய மூத்த மாணவர்கள் இருவர் குன்னூரிலும் ஊட்டியிலும் தனித்தனியாக வகுப்பு எடுக்கிறார்கள். ஹெயான் நிடான் என்ற கட்டாவில், அதாவது எண்ணிக்கைப்படி செய்யும் அசைவு வரிசையில், ஏழாவது எண்ணுக்குக் குன்னூரில் நேர் உதை, ஊட்டியில் பக்க உதை. இரண்டு பேருமே "மாஸ்டர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? நான் எங்கே சேர்வது? மாஸ்டர் கட்டா செய்யும் பழைய வீடியோ கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்து முடிவு செய்யலாமா?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாஸ்டருக்கு என் அஞ்சலி.

இரண்டு பேரும் உண்மையைச் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அடுத்தமுறை பார்க்கும்போது "எது சரி" என்று கேட்காதீர்கள், "இந்தக் கட்டாவை அவரிடம் எந்த வருடம் கற்றீர்கள்" என்று கேளுங்கள். ஆசான் உயிரோடு இருக்கும்வரை கலையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு மாணவரும் கொண்டுபோவது தான் பக்கத்தில் இருந்த வருடங்களின் வடிவத்தை. ஆசான் போன பிறகு அவற்றைச் சரிபார்க்க ஆள் இல்லாததால் எல்லாமே அப்படியப்படியே உறைந்துவிடும்.

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் இது பளிச்சென்று தெரியும். அதன் ஸ்தாபகர் மோரிஹெய் உவெஷிபா 1969-இல் இறந்தார். 1932-இல் அவரிடம் சேர்ந்த ஷியோதா கோசோவின் யோஷின்கான் வழியில் கோணங்கள் கறாராக, பிடிகள் கடுமையாக இருக்கின்றன. 1946-இல் இவாமா கிராமத்தில் சேர்ந்த சைதோ மோரிஹிரோ கடைசிவரை ஆசானுடன் இருந்து, வாளையும் ஜோ எனப்படும் கம்பையும் சேர்த்தே கற்றார். அந்தக் கம்பு நம் சிலம்பக் கம்பைவிடக் குட்டை, சுமார் 128 செ.மீ. அதற்கான 31 எண்ணிக்கை வரிசையைப் பாடமாக அடுக்கித் தந்தவர் அவர்தான். 1960-களில் டோக்கியோவில் சேர்ந்த இளைஞர்கள் பார்த்ததோ எண்பதை எட்டிய கிழவரை. அவர் கைவைப்பதற்குள் எதிராளி விழுவார். அறுபது வருட உழைப்புக்குப் பின் வந்த அந்த மெல்லிய தொடுகையை முதல் நாளிலிருந்தே பழகினால் உள்ளே ஒன்றும் சேராது. ஆசான் மறைந்த பிறகு அதிகம் நடக்கும் பிழை இதுதான்: அவருடைய முதுமையைப் பாணி என்று நினைத்து நகலெடுப்பது.

இனி உங்கள் ஏழாவது எண். ஷோடோகான் என்ற கராத்தே பிரிவின் ஹெயான் நிடானுக்கு, கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் பெயர் பினான் ஷோடான். ஷோடோகானின் ஸ்தாபகர் ஃபுனகோஷி கிச்சின் முதல் இரண்டு கட்டாக்களின் வரிசையை மாற்றி வைத்ததால் பெயர் இடம் மாறியது. ஒகினாவா வடிவத்தில் அந்த இடத்தில் வருவது நேர் உதை. ஷோடோகானில் அது பக்க உதையானது. நிலைகளைத் தாழ்த்தியதிலும் பக்க உதைகளைக் கூட்டியதிலும் பெரும்பங்கு ஃபுனகோஷியின் மூன்றாவது மகன் கிகோவுக்கு உண்டு என்பார்கள். கிகோ இறந்தது 1945-இல், தந்தை இறந்தது 1957-இல். ஆக அந்த மாற்றம் ஸ்தாபகர் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது. உங்கள் மாஸ்டர் தொடக்கத்தில் ஒரு பிரிவிலும் பிறகு வேறொன்றிலும் பழகியிருந்தால் இரண்டு உதையும் அவரிடமிருந்தே வந்திருக்கலாம்.

இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கலக்காதீர்கள். ஆறாவது எண் முடிந்ததும் இரண்டு முஷ்டியும் இடது இடுப்பில், வலது மேலே, பார்வை பின்பக்கம். நேர் உதை என்றால் இடுப்பு எதிராளியை நேராகப் பார்க்க வேண்டும், விரல்களை மேலே மடக்கி முன்பாதத்தால் அடிக்க வேண்டும். பக்க உதை என்றால் முழங்கால் முதலில் அந்தத் திசைக்கு உயர்ந்து, பாதத்தின் வெளிவிளிம்பு மேல்நோக்கிச் சுண்டித் திரும்ப வேண்டும். இடுப்பைப் பாதி திருப்பிவிட்டு இரண்டுக்கும் நடுவில் ஒன்றை உதைப்பவர்கள்தான் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மார்கழிக் காலையில் சிமெண்ட் தரையில் ஊன்றிய பாதம் சரியாகத் திரும்பாது, தொடையின் உட்புறமும் இறுகியிருக்கும். இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் இந்தப் பக்க உதை வேண்டாம். எந்த உதையானாலும் வலது முஷ்டியும் காலும் ஒரே நேரத்தில் போய்ச் சேரணும். காலை மடக்கி இறக்காமல் தொப்பென்று போட்டால் எட்டாவது எண்ணின் ஷூட்டோ உகே (கைவிளிம்பால் தடுப்பது) தள்ளாடும்.

இந்த உதையைவிட எனக்குக் கவலை வேறு. ஸ்தாபகர் போன பிறகு, கிரேடிங் எனும் பெல்ட் தேர்விலும் டோர்னமெண்டிலும் கேட்காதது மெல்ல மறைந்துபோகும். போட்டியை விரும்பாத ஃபுனகோஷி இறந்த அதே 1957-இல்தான் ஜப்பான் கராத்தே சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. ஜூடோவின் ஸ்தாபகர் கானோ ஜிகோரோ 1938-இல் மறைந்தார். 2013-இல் சர்வதேசப் போட்டிகளில் காலைக் கையால் பிடிப்பது முழுக்கத் தடையானதும், தொடையைப் பிடித்துத் தோளில் தூக்கி எறியும் பழைய கத்தா குருமாவைப் பழகுவோர் குறைந்தார்கள். அதை இன்னும் காப்பது நாகே நோ கட்டா என்ற வரிசைதான், அதில் அது மூன்றாவது எறிதல். உங்கள் மாஸ்டர் கிரேடிங்குக்கு வெளியே சொல்லிக்கொடுத்த ஜோடிப் பயிற்சிகள், மூச்சு, கட்டாவின் ஒவ்வொரு அசைவுக்கும் சொன்ன காரணம் எல்லாவற்றையும் இந்த மாதமே எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கால், கை, பார்வை, காரணம் என்று நான்கு கட்டம் போடுங்கள். முதலில் காலியாவது காரணம் என்ற கட்டம்தான்.

சேர்வதைப் பற்றி: ஏழாவது எண் ஏன் அப்படி என்று நின்று விளக்கக்கூடியவரிடம் போங்கள். "மாஸ்டர் சொன்னார்" என்பதோடு நிறுத்திக்கொள்பவரிடம் வேண்டாம். சேருமுன் பிளாக் பெல்ட் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும் என்று கேட்டுவிடுங்கள். பழைய கிரேடிங் சான்றிதழ்களின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். இந்தப் பிளவுக்காக மனம் வருந்தவேண்டாம். ஃபுனகோஷியின் இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே மாணவர்கள் பிரிந்தார்கள். கியோகுஷின் என்ற கராத்தே பிரிவின் ஸ்தாபகர் ஓயாமா 1994-இல் இறந்ததும் அங்கேயும் பிளவுதான். (ஃபுனகோஷி, உவெஷிபா, ஓயாமா மூவருமே இறந்தது ஏப்ரல் 26.)

கேசட்டை இப்போது ஓட்டிப் பார்க்காதீர்கள். நம் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். கண்ணாடி வழியாக ரீலின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் வேகமாகச் சுற்றக்கூட வேண்டாம், ரீல் ஒட்டிக் கிழியும், பூஞ்சை பிளேயரின் ஹெட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றித் தரும் கடையில் கொடுங்கள். பார்க்கும்போது, முன்னாலிருந்து எடுத்த படத்தில் நீளமான நிலையும் குட்டையாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அது விழா மேடையா வகுப்பா என்றும் கவனியுங்கள், மேடையில் யாருமே கொஞ்சம் உயரமாகத்தான் உதைப்பார்கள். பிறகு மாஸ்டரை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். குன்னூர்க்காரரும் ஊட்டிக்காரரும் அங்கே நிற்கிறார்களா, இடுப்பில் என்ன நிற பெல்ட் என்று தெரிந்தால் அது எந்த வருடத்துக் கட்டா என்பதும் தெரிந்துவிடும்.