தாத்தாவின் வேட்டை ஜீப்: இன்ஜினைக் கழற்றக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் தாத்தா 1962இல் வாங்கிய மஹிந்திரா வில்லிஸ் ஜீப் பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோட்டத்து ஷெட்டில் பதினெட்டு வருஷமாக நிற்கிறது. அந்தக் காலத்தில் வால்பாறை பக்கம் வேட்டைக்குப் போன வண்டி. முன் கண்ணாடிச் சட்டத்தில் துப்பாக்கி சாத்துகிற கொக்கியும், ஸ்பாட் லைட் மாட்டிய ஓட்டைகளும் இன்னும் இருக்கின்றன. இன்ஜின் சுற்றவில்லை. தெரிந்தவர் ஒருவர், "டீசல் இன்ஜின் போட்டு, புது பாடி மாற்றி, பேப்பரையும் சரிசெய்து மூன்றரை லட்சத்துக்குத் தருகிறேன், பழைய இன்ஜினுக்கு ஒரு தொகை கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றைக்கூட அவர் கையில் கொடுக்கத் தேவையில்லை, மூன்றையும் கொடுத்தால் உங்கள் தாத்தாவின் ஜீப் என்று சொல்ல அதில் எதுவும் மிஞ்சாது.

முதலில் உங்களிடம் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பானெட் நெட்டையாக, முகம் உயரமாக இருந்தால் அது சிஜே-3பி என்கிற மாடல். அந்த உயரத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹரிகேன் இன்ஜின். பழைய ராணுவ ஜீப்பில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன. இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகிற வால்வை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள், புகை போகிற வால்வு மட்டும் பிளாக்கில் தங்கிவிட்டது, இன்ஜின் உயர்ந்ததால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 2,199 சிசி, நான்கு சிலிண்டர், எழுபது குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். இந்த மாடலை மஹிந்திரா பல பத்தாண்டுகள் நம் ஊரிலேயே செய்தது, அதனால் உதிரி பாகம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் தேடினால் இன்றைக்கும் கிடைக்கிறது. தரம் வேறு விஷயம், நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்ஜின் சுற்றவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பதினெட்டு வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், பிளாக்கில் இருக்கிற அந்த எக்ஸாஸ்ட் (புகை போகிற) வால்வுகளும் கைடில், அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்குகிற குழலில், இறுகிக்கொள்ளும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து இரண்டு மூடி ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். தினமும் ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி ஊற்றுங்கள். அப்புறம் முன்பக்கம் ஹேண்டில் போட்டு, முழுச் சுற்று சுற்ற முயற்சிக்காமல், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு விரல்கடை அசைந்தால் போதும், மிச்சம் வந்துவிடும். டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஒட்டியிருக்கிற வால்வோடு இழுத்தால் தண்டு வளையும், ரிங் உடையும், ஐயாயிரத்தில் முடிகிற வேலை ஐம்பதாயிரத்துக்குப் போகும். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதில் பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும், அதைச் சுத்தம் செய்யாமல் இன்ஜினுக்குப் பெட்ரோல் விடக் கூடாது. இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பம்பின் டயாபிரம், ரப்பர் ஹோஸ், கார்க் கேஸ்கெட் எதுவும் அதற்குத் தாங்காது, ஊறிப்போய் ஒழுகும். எத்தனால் தாங்கும் டயாபிரமும் ஹோஸும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒழுகுகிற பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி விஷயத்திலும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பழைய ஜீப்புகளில் 6 வோல்ட் உண்டு. பல்பிலும் டைனமோவிலும் எழுதியிருப்பதைப் பார்க்காமல் 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்து ஒயரைப் புகைய விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, டீசல் இன்ஜினுக்கு வருவோம். இந்த ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பிரொபெல்லர் ஷாப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். மலையேறவும் சேற்றில் இழுக்கவும் ஏற்ற பல் அது. மெதுவாகச் சுற்றும் கனமான டீசலை அதில் மாட்டினால் சாலையில் நாற்பது ஐம்பதுக்கே வண்டி அலறும். முன் ஸ்பிரிங் பட்டைகள் உட்கார்ந்துவிடும், ஸ்டியரிங் இறுகும், கியர் பாக்ஸ் நாளாக ஆகத் தேயும். மைலேஜ் கூடும் என்பது உண்மை. ஆனால் மாதம் நாலு முறை தோட்டத்துக்குப் போகிற வண்டிக்கு அந்த மிச்சம் எத்தனை வருஷத்தில் மூன்றரை லட்சமாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதைவிடப் பெரிய காரணம் பேப்பர். 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதில் வரும். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 'எம்' என்று தொடங்குகிற அந்த மெட்ராஸ் காலத்து எண்ணுக்காகவே இதைச் செய்கிறவர்கள் உண்டு. ஒரு நிபந்தனை: விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் தினப்படி ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது, இவற்றுக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். நீங்கள் வாராவாரம் தோட்டத்துக்குப் போக நினைத்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற சாதாரண வழிதான் பொருந்தும். அந்த வழியிலும் ஆர்.சி.யில் ஒரு இன்ஜின், வண்டியில் வேறு இன்ஜின் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார்.

"பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை அரசு பிடித்து நசுக்கிவிடும், அதற்கு முன் கொடுத்துவிடுங்கள்" என்று புரோக்கர்கள் சொல்வது பச்சைப் பொய். அது அரசு வண்டிகளுக்கும் டெல்லி சுற்றுவட்டாரத்துக்கும் போட்ட விதிகளை வைத்துக் கட்டிய கதை.

உங்கள் நண்பர் ஏன் பழைய இன்ஜினுக்குத் தொகை கழிக்கிறார் என்று யோசித்தீர்களா? நம்பர் கலையாத அசல் ஹரிகேன் இன்ஜினுக்கு இன்றைக்கு வெளியில் ஆள் இருக்கிறது. பேப்பருக்கு அதைவிட ஆள் இருக்கிறது. செத்த ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, எங்கோ புதிதாக வெல்டிங் செய்த சேஸிஸில் அந்த நம்பரை அடித்து, 'அறுபது மாடல் வில்லிஸ்' என்று விற்கிற தொழில் நடக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் கோத்தகிரி பக்கம் எஸ்டேட் வைத்திருந்தவர், இதே மாதிரி ஒரு ஒர்க் ஷாப்பில் டீசல் மாற்றக் கொடுத்தார். நான்கு வருஷம் கழித்து விண்டேஜ் பதிவுக்கு ஆசைப்பட்டு, பழைய இன்ஜினைத் திரும்ப மாட்டலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஷாப்புக்குப் போனார். பின்பக்கம் பட்டறை மேசைக்குக் காலாக ஒரு பிளாக் கிடந்தது. வாட்டர் பம்ப் பக்கம், பிளாக்கின் முன்பகுதியில் இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தடவினேன், கிரைண்டர் ஓடிய கோடுகள் மட்டும் சொரசொரவென்று தட்டுப்பட்டன. அது அவருடைய பிளாக்தானா என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த நம்பர் எங்கே, எந்த வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியவில்லை. அந்த மனிதர் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. எழுபது எண்பதுகளில் பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எஸ்டேட்காரர்கள் நிறையப் பேர் முறையாக அனுமதி வாங்கி டீசலுக்கு மாறினார்கள், ஆர்.சி.யிலேயே எரிபொருள் டீசல் என்றும் புது இன்ஜின் நம்பரும் கைப்பட எழுதி, சீல் வைத்துக் கொடுத்திருப்பார்கள். உங்கள் புத்தகத்தின் பின்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள், அந்தப் பதிவு பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்காது, மங்கிய மையில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அப்படி இருந்தால், வண்டியில் இருப்பதும் அந்த டீசல் இன்ஜின்தான் என்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு சாதாரண வழியில் புதுப்பியுங்கள், அதுவும் சட்டப்படி சரியான வண்டிதான். புத்தகத்தில் டீசல் என்று இருந்து, வண்டியில் பெட்ரோல் இன்ஜின் இருந்தால் (தாத்தா இரண்டாவது முறை மனம் மாறியிருக்கலாம், அப்படியும் நடந்திருக்கிறது) அப்போதுதான் சிக்கல். அப்போது எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து, வண்டியில் இருக்கிற நம்பரை ஏற்றச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் டீசல் பதிவு எதுவும் இல்லை, ஆனால் வண்டியில் டீசல் இருக்கிறது என்றால், அது அனுமதி இல்லாத மாற்றம், பழைய இன்ஜின் ஷெட்டில் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வண்டி இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்ற படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். "பேப்பரைச் சரிசெய்து தருகிறேன்" என்கிற ஆள் பெரும்பாலும் செய்வது என்ன தெரியுமா? விற்பனைக்கான படிவம் 29லும் 30லும் இறந்துபோன தாத்தாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுவது. மாட்டினால் போர்ஜரி கேஸ் உங்கள் பெயரில். அடுத்த தலைவலி, 1962 பதிவெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்காது, பழைய ரிஜிஸ்டரிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பேக்லாக் என்ட்ரி என்று பெயர். ஆன்லைன் என்கிறார்கள், ஆன்லைனில் போனால் 'பதிவு இல்லை' என்று வருகிறது, நேரில் போனால் ஆன்லைனில் போடுங்கள் என்கிறார்கள். அறுபது வருஷம் வரி கட்டி வைத்திருந்த குடும்பம் தன் வண்டி தன்னுடையது என்று நிரூபிக்க ஆறு மாதம் நடக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற விஷயம். புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். நீங்கள் நேரில் போங்கள், கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள்.

இனி வண்டி. காசு முதலில் போக வேண்டிய இடம் பிரேக். இந்த ஜீப்பில் ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, பின்னால் போகிற பிரொபெல்லர் ஷாப்ட்டில்தான் பிடிக்கும், டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) ஆயில் ஒழுகி அந்த டிரம்முக்குள் போயிருந்தால் அதுவும் பிடிக்காது. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், அந்த இறக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள். ரிப்பேர் கிட் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டியரிங். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து உலுக்குங்கள். 'டொக் டொக்' என்று ஆடினால் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு) பேரிங்கோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. கூடவே அடியில், ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற பெல் கிராங்க்கின் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள், மெக்கானிக்குகள் பலர் அதை மறந்துவிட்டு ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்வார்கள். வேட்டைக்குப் போன வண்டி என்பதால் இன்னொரு வேலை உண்டு. இவை இரவெல்லாம் ஓடைக்குள்ளும் சதுப்பிலும் ஊர்ந்த வண்டிகள். முன் ஆக்ஸில் உருண்டைக்குள்ளும் டிஃபரன்ஷியலுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். டிரெயின் நட்டைத் திறந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வரும். அப்படி வந்தால் பேரிங் வரை பிரித்துப் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 ரக 90 ஆயில் போதும், ஜிஎல்-5 உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

பாடி மாற்றத் தேவையில்லை என்று சொன்னேன். பின்தளம்தான் இந்த வண்டிகளில் முதலில் போகும், அடிபட்ட மிருகத்தை ரத்தத்தோடு போட்டுக்கொண்டு வந்து, சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டதன் விளைவு. தளத்துக்கு அடியில் குறுக்கே போகிற பட்டைகளில் நீர் தங்கித் துரு பிடித்திருக்கும். அந்த இடங்களை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டில் வைத்துப் பற்றவைக்கிற டிங்கர் கோவையிலேயே கிடைப்பார். ஓட்டை மேல் பட்டி பூசி பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். துப்பாக்கிக் கொக்கியை எடுக்காதீர்கள், அது வண்டியின் வரலாறு. ஸ்பாட் லைட்டை வேண்டுமானால் திரும்ப மாட்டி, உறை போட்டு, ஒயர் கொடுக்காமல் வையுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம், ஸ்பாட் லைட் எரிகிற ஜீப் ஆனைமலைப் பக்கம் ராத்திரியில் போனால் வனத்துறை நிறுத்தாமல் விடாது.

வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன் சீட்டுக்கு அடியிலும் டூல் பெட்டியிலும் கை விட்டுத் துழாவிப் பாருங்கள். இப்படி வந்த ஜீப் ஒன்றில் கந்தல் துணியில் சுற்றி, பித்தளை பச்சைபிடித்த '12 போர்' ரகத் துப்பாக்கித் தோட்டாக்கள் ஆறு கிடைத்தன. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம், தாத்தாவுடையது என்று சொன்னாலும் செல்லாது. கிடைத்தால் தட்டாமல், சூடுபடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வந்து எடுத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.