இலவசப் பத்திரிகை: கேட்டதும் சொன்னதும்

பத்திரிகை விளம்பரப் பிரிவிலும் விநியோகத்திலும் காலம் ஓட்டியவள் நான். இலவசப் பத்திரிகை பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டதற்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈசூன் வாசகி: சும்மா கொடுத்துவிட்டுத் தனியார் ஒருவர் எப்படி அக்கா வளர முடியும்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இங்கிலாந்தில் எடி ஷா என்பவர் 1974இல் மான்செஸ்டர் பக்கத்து ஊர்களான சேல், ஆல்ட்ரிங்கமுக்கு 'மெசஞ்சர்' என்ற இலவசத் தாளைத் தொடங்கினார். பிறகு ஸ்டாக்போர்ட் போன்ற ஊர்களுக்கும் போனார். ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டே வளர்ந்தார். ஒரு குழாய் ரிப்பேர்காரருக்கு நகரம் முழுக்க விளம்பரம் எதற்கு? அவருக்குத் தேவை தன் ஊர் வீடுகள்தான். அந்தச் சில்லறை விளம்பரங்கள்தான் இந்தத் தொழிலின் சோறு. 1983இல் வாரிங்டனில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு பெரிய மோதல் வந்தது. சங்கத்துக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது, ஷா தாக்குப்பிடித்தார். அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம், வில்லன் ஆக்கவும் வேண்டாம். கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

தேக்கா தம்பி: இங்கே தமிழில் ஒன்று போட அரசு பெர்மிட் வேண்டுமா?

வேண்டும் தம்பி. நம் 'செய்தித்தாள், அச்சகச் சட்டம்' வந்ததும் அதே 1974தான். இலவசம் என்பதால் சலுகை கிடையாது.

புக்கிட் பாத்தோக் ராஜா: எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று கொடுத்தால் போதாதா?

அதைப் பெரிய நிறுவனங்களே செய்து பார்த்தன. 2000இல் 'டுடே', 'ஸ்ட்ரீட்ஸ்' என்ற இரண்டு இலவச நாளிதழ்கள் மோதின. 2004 கடைசியில் ஸ்ட்ரீட்ஸ் டுடேயில் கலந்தது. 2006இல் 'மை பேப்பர்' என்ற இன்னொரு இலவசத் தாள் வந்தது. 2016 டிசம்பரில் அது 'தி நியூ பேப்பரோடு' சேர்ந்தது, அதுவரை விலைக்கு விற்ற நியூ பேப்பரும் இலவசமானது. டுடேயின் தாள் 2017இல் நின்றது, நியூ பேப்பரின் தாள் 2021இல். ரயிலில் எல்லோரும் ஃபோனைத்தான் பார்க்கிறார்கள். பெரிய நிறுவனம் பின்னால் இருந்தும் இந்த நிலை. ஒன்றை மறக்காதீர்கள்: அச்சிட்டது வேறு, கையில் சேர்ந்தது வேறு.

பெடோக் அங்கிள்: கட்டுக்கட்டாகப் பழைய தாள் வாங்கும் கரங்குனிக்குத்தானே போகிறது?

சில கட்டுகள் போகும், மறைக்கவில்லை. ஒரு புளோக்கில் தபால் பெட்டிகளுக்குக் கீழே பிளாஸ்டிக் நாடாகூட அவிழ்க்காத கட்டு கிடந்தது. மேல் தாளில் ஒரு மீன்தலைக் கறிக் கடையின் அரைப்பக்க விளம்பரம்.

ஈசூன் வாசகி: கொண்டுவந்து போட்ட ஆள் சோம்பேறி. பத்திரிகை என்ன செய்யும்?

பெடோக் அங்கிள்: ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யாராம்?

அங்கிள் சொல்வதுதான் சரி. விநியோகத்தில் மிச்சம் பிடித்தால் கடைக்காரர் அடுத்த மாதமே விலகிவிடுவார். ஆனால் எல்லா இலவசத் தாளும் கரங்குனிக்குத்தான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலையில் டுடே எடுக்க வரிசையில் நின்றவர்கள் கரங்குனிக்காரர்களா?

பெடோக் அங்கிள்: பாதிப் பேர் சுடோகுவுக்காக!

சுடோகு போட்டால்தான் என்ன? பக்கத்தில் இருக்கும் விளம்பரமும் கண்ணில் படுமே.

ஜூரோங் செல்வம்: பெர்மிட் வேண்டுமா?

மேலே படியுங்கள்.

தேக்கா தம்பி: அரசு பெர்மிட் தர மறுத்தால், அச்சடிக்காமல் வெறும் பிடிஎஃப் ஆக்கி விடலாமா அக்கா?

அதை வக்கீலிடம் கேள். முதலில் சிராங்கூன் ரோட்டில் பத்துக் கடை ஏறி, ஒரு வருஷம் விளம்பரம் கொடுப்பார்களா என்று எழுதி வாங்கிக்கொண்டு வா, அப்புறம் மற்றதைப் பேசலாம்.