வயதும் நினைவும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 58. தெரிந்தவர்கள் எதிரில் வந்தால்கூட பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. அல்சைமராக இருக்குமோ சார்?

பதில்: கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்துவிடுகிறதல்லவா? அப்படியானால் பெயர் உள்ளேதான் இருக்கிறது, அதை எடுக்கத்தான் நேரமாகிறது. இது வயதின் சாதாரண வேலை. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சொன்ன பதிலையே மறந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, வருடக்கணக்காகப் பார்த்த வரவு செலவில் குழம்புவது, இதெல்லாம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் இவற்றை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான்.

கேள்வி: இருபது வயதுக்கு மேல் மூளை இறங்குமுகம்தான் என்கிறார்களே?

பதில்: எந்தத் திறன் என்று கேட்க வேண்டாமா? ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015ல் வெளியிட்ட ஆய்வில், மூளை தகவலைக் கையாளும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சம் தொட்டுவிடுகிறது. சொல்வளமோ அறுபதுகளின் கடைசி வரை ஏறிக்கொண்டே போகிறது. அடுத்தவர் கண்ணைப் பார்த்தே மனநிலையை ஊகிப்பதில் நடுவயதுக்காரர்கள்தான் கெட்டி.

இன்னொன்று. இன்றைய 25 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால், படிப்பு, ஊட்டச்சத்து வித்தியாசமும் சேர்ந்து மூப்பின் கணக்கில் விழுந்துவிடும். அதனால்தான் உளவியலாளர் வார்னர் ஷாய் 1956ல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வில் அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதில் பெரும்பாலான திறன்களில் தெளிவான சரிவு 60 வயதையொட்டியோ அதற்கும் பிறகோதான் தெரிந்தது.

கேள்வி: சின்ன வயதில் கெட்டிக்காரராக இருந்தால் கிழவயதிலும் அப்படியேவா?

பதில்: பாதிக்குப் பாதி. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1 அன்று, 1921ல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே அறிவுத்தேர்வு வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இயன் டியரி குழுவினர் அவர்களில் சிலரைத் தேடிப் பிடித்து, கிட்டத்தட்ட 80 வயதில் அதே தேர்வை எழுதவைத்தார்கள். முதுமையில் ஆளுக்கு ஆள் தெரிந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியைப் பழைய மதிப்பெண்ணே சொல்லிவிட்டது. மீதிப் பாதிக்குக் காரணம் தேடும் வேலை இன்னும் நடக்கிறது. அந்தக் காலத்து விடைத்தாள் விவரங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 76. நன்றாக இருந்தவர் இரண்டு நாளாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், இரவில் தூங்குவதில்லை. வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மறதிநோய் பொதுவாக இப்படித் திடீரென்று வராது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கியவை உட்பட.

கேள்வி: சுடோகு, மூளைப் பயிற்சி ஆப் எல்லாம் பலன் தருமா?

பதில்: சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். பிடித்திருந்தால் போடுங்கள், ஆப்புக்குச் சந்தா கட்டுவதற்கு முன் மட்டும் யோசியுங்கள். காது மந்தமாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கேட்கும் திறன் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைபிடித்தல், தனிமை எல்லாம் மறதிநோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள்கூட காதுக் கருவி என்றால் ஏனோ பின்வாங்குகிறார்கள்.