முன்பின் தெரியாத வீட்டில் விருந்துக்கு உட்காரலாமா?

கேள்வி: அக்டோபரில் தோளில் ஒரு பையோடு ஜார்ஜியா நாட்டுக்குத் தனியாகப் போகிறேன். அங்கே வழியில் பார்ப்பவர்களைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்களாமே? நான் அசைவம் தொடமாட்டேன், மதுவும் பழக்கமில்லை. கூப்பிட்டால் போகலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. நீங்கள் போகிற மாதமே நல்ல மாதம். செப்டம்பரிலிருந்து அக்டோபர் வரை கிழக்கே ககேத்திப் பகுதி முழுக்க ருத்வேலி நடக்கும், அதாவது திராட்சை அறுவடை. வெளியூரில் இருக்கிற சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கி, பகல் முழுக்கக் கொத்துக் கொத்தாக வெட்டிவிட்டு, சாயங்காலம் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள்.

தெலாவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் வழி கேட்கத்தான் நின்றேன். பெரியவர் ஒருவர் பதிலுக்குக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார், அப்புறம் இருட்டும்வரை தோட்டத்தில்தான் இருந்தேன். முற்றத்தில் ஒரு பாட்டி வால்நட் பருப்பை நூலில் கோத்து, மாவு கலந்து காய்ச்சிய திராட்சைக் கூழில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். சுர்ச்கேலா என்பார்கள். அது காய்ந்து பதமாக நாளாகும், அதனால் பாத்திரத்தில் ஒட்டியிருந்த சூடான கூழை வழித்து ஒரு தட்டில் எனக்குக் கொடுத்தார், இன்னும் நாக்கில் இருக்கிறது.

விருந்துக்கு சுப்ரா என்று பெயர். அதை நடத்துகிறவர் தமாதா. அவர் எழுந்து ஒன்றைச் சொல்லி வாழ்த்துவார், மற்றவர்கள் 'கௌமர்ஜோஸ்' என்பார்கள், அப்புறம்தான் கோப்பையை எடுக்க வேண்டும். நடுவில் நீங்களாக எடுத்துக் குடிப்பது மரியாதை இல்லை. அமைதிக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு, வந்த விருந்தாளிக்கு என்று வாழ்த்து நீண்டுகொண்டே போகும். இறந்தவர்களுக்கும் ஒரு முறை உண்டு. அந்த முறை வந்தபோது தமாதா 'அலவெர்தி' என்று என் பக்கம் கை காட்டினார், பேச்சைத் தொடரச் சொல்கிறார் என்று அந்த வீட்டுப் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு என் அம்மா நினைவுதான் வந்தது. யாராவது வந்தால் என்ன செய்வது என்று தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். அதைத் தமிழிலேயே சொன்னேன், வேறு மொழியில் வரவில்லை. ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் நான் முடிக்கும்வரை ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை.

அதனால் நீங்கள் தயார் செய்ய வேண்டியது இரண்டு நல்ல வார்த்தை. மதுவைப் பற்றிக் கவலையே வேண்டாம். உட்கார்ந்தவுடனே தமாதாவிடம் 'நான் குடிப்பதில்லை' என்று நேராகச் சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால்தான் சங்கடம். அறுவடை நேரத்தில் புதிதாகப் பிழிந்த இனிப்புச் சாறு கிடைக்கும், இல்லையென்றால் தார்கூனா என்று பச்சை நிறத்தில் ஒரு குளிர்பானம். எதையாவது கோப்பையில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து உயர்த்துங்கள். ஆனால் ஒயின் இருக்கிற இடத்தைக் கட்டாயம் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆள் உள்ளே இறங்கிக் கழுவுகிற அளவு பெரிய மண் தாழிகளைக் கழுத்து வரை புதைத்திருப்பார்கள், குவேவ்ரி என்று பெயர். இந்த முறையை யுனெஸ்கோ 2013-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் சுமார் 8000 ஆண்டுக்கு முந்தைய ஒயின் தடயம் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு எத்தனை பெருமை என்று கேட்டுப் பாருங்கள்!

சாப்பாட்டுக்கு 'சமார்க்வோ' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிறிஸ்தவ நோன்பு நாட்களில் சாப்பிடுகிற உணவு அது, இறைச்சியும் பாலும் சேராது, சொன்னதும் எந்தப் பாட்டிக்கும் புரியும். வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், லோபியோ என்கிற பீன்ஸ் குழம்பு, கீரையை அரைத்துப் பிடித்த ப்காலி, மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி என்று வந்துகொண்டே இருக்கும். பழைய தட்டை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தட்டை அடுக்குவார்கள்.

கேள்வி: இப்படி விருந்து போட்டவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. கூப்பிட்டு உட்காரவைத்தவர் கையில் பணத்தை நீட்டினால் மனசு நொந்துபோகும். ஊரிலிருந்து ஒரு பெட்டி முந்திரிக் கொத்தோ கடலை மிட்டாயோ கொண்டுபோங்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பூ வாங்கினால் ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஏனென்றால் இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. ஆனால் தங்கும் விடுதியாக நடத்துகிற வீடு என்றால் அது அவர்கள் பிழைப்பு, முதலிலேயே விலை கேட்டுக்கொண்டு ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தனியாகப் போகிற பெண்ணும் இப்படிப் போகலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: வீட்டில் பெண்களும் குழந்தைகளும் இருந்தால், பகல் நேரமாக இருந்தால், போகலாம். தங்கியிருக்கிற இடத்தில் கிராமத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து சாச்சா குடித்துக்கொண்டிருந்தால் (திராட்சைச் சக்கையில் வடிப்பது, நெருப்பு மாதிரி இருக்கும்) நெஞ்சில் கை வைத்து 'மத்லோபா' என்று நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள், யாரையும் சமாதானப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டாம். ஊர் திரும்புகிற மார்ஷ்ருத்கா சிற்றுந்து கடைசியாக எத்தனை மணிக்கு என்று போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கிராமங்களில் சீக்கிரமே நின்றுவிடும்.