வாசகர் கேள்வி – பதில்: கமரா கற்கத் தனி வகுப்பு வேண்டுமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கட்டாரிலிருந்து வந்த மாமா, 18–55 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ் பொருத்திய கமரா ஒன்றைத் தந்தார். எங்கள் ஊரில் திருமணப் படம் எடுப்பவர் ஒருவர் வீட்டுக்கு வந்து கற்பிப்பதாகவும், பத்து வகுப்புக்கான பணத்தை முன்கூட்டியே தரவேண்டும் என்றும் கூறுகிறார். யூடியூபில் இல்லாததா என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. லென்ஸின் துளை அளவு, ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு ஈடுசெய்கின்றன என்பதைக் காணொளி பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். அதற்காக ஒருவருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் எடுத்த படம் ஏன் கெட்டது என்று காணொளி சொல்லாது. தனி ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான். ஆகவே வகுப்பை வீட்டு மண்டபத்தில் வைக்காமல் வாவிக்கரையிலுள்ள குருமண்வெளித் துறையடியில் வைக்கும்படி கேளுங்கள்.

மாலை ஐந்து மணியளவில் அங்கே நின்று வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை நோக்கினால் சூரியன் கண்ணுக்கு நேரே இருக்கும். அந்த நேரத்தில் தோணியில் நின்று வலை வீசுபவரைத் தானியங்கி முறையில் எடுத்தால், நீரின் பளபளப்பில் ஏமாறும் கமராவின் ஒளிமானி படத்தை இருட்டாக்கிவிட, அவர் முகம் கருநிழலாகிவிடும். ஷட்டர் வேகம் 1/60 வினாடிக்கு இறங்கியிருந்தால் விரிகின்ற வலையின் கண்களும் கலங்கிப்போகும். கற்பிக்கத் தெரிந்தவர் உங்கள் கையிலிருந்து கமராவை வாங்கித் தானே திருகமாட்டார். வேகத்தை 1/1000 ஆக்கச் சொல்வார், ஒளி ஈடுசெய்தலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) ஒரு படி உயர்த்தச் சொல்வார், மறுநாள் காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்கச் சொல்வார்; பின்னர் எல்லாப் படங்களையும், திருத்தம் எதுவும் செய்யாமல், அருகருகே வைத்து உங்களையே பேசவிடுவார். ரியூசனுக்குப் போன பழக்கத்தில் கொப்பியோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். மேடை வெளிச்சத்திலும் பிளாஷிலும் கைதேர்ந்தவருக்கு வெளி வெளிச்சமும் பழகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என்பதால், அவர் வெளியில் எடுத்த படங்களையும் முதலிலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. முகூர்த்த நாள்களில் வகுப்பு தள்ளிப்போகும் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பு தொடங்குமுன் ஸூம் இல்லாத 50 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் ஆசிரியர். என்னிடமும் 18–55 லென்ஸ்தான் இருக்கிறது.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் லென்ஸை 35 மில்லிமீற்றரில் வைத்து, திருகும் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுச் சில வாரம் படம் எடுங்கள். கிட்டப் போவதற்கும் எட்ட நிற்பதற்கும் கால்கள் பழகிவிடும். மிச்சப்படும் பணத்தில், இறுக மூடும் பெட்டி ஒன்றையும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளையும் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வாங்கி வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டால், அதைக் கழற்றித் துடைப்பதற்கான கூலி அந்த லென்ஸின் விலையையே எட்டிவிடக்கூடும்.