ஹெலிகாப்டர் வால் ஷாஃப்ட் பேலன்சிங்: கேட்டதும் சொன்னதும்

சூலூரிலிருந்து: ஏனுங்க, விமானப்படையோட சாரங் சாகசக் குழு ஹெலிகாப்டர் பறக்கறதைப் பார்த்திருக்கறோம். வால் ரோட்டாருக்குப் போற ஷாஃப்ட்டுல ஒரு கிராம் கூடிட்டா என்னங்க ஆகும்?

பதில்: மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி 1 கிராம் கூடுதல்னு வைங்க. 6000 ஆர்.பி.எம்.ல அது கிட்டத்தட்ட 20 நியூட்டன். 2 கிலோ பாரம் விநாடிக்கு 100 தடவை சுத்திச் சுத்தி பேரிங்கை இழுக்கற மாதிரிங்க. வேகம் பாதியானா விசை கால்வாசிதான். 1440ல ஓடற கிணத்து மோட்டார்ல கைக்கே தெரியாத குறை, இங்க பேரிங்கைத் தின்னுடும்.

கணபதி பட்டறையிலிருந்து: பேலன்ஸ் பண்ணினப்புறம் எவ்வளவு எடை ஏற்றத்தாழ்வு மிச்சம் விடலாமுங்க?

பதில்: பேலன்சிங்குக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 21940-11 கணக்கு: 9549ஐ கிரேடாலயும் (ஜின்னு எழுதற பேலன்ஸ் தர எண், சின்னதா இருந்தா கண்டிப்பு அதிகம்) கிலோ எடையாலயும் பெருக்கி, ஆர்.பி.எம்.ஆல வகுங்க. 6 கிலோ குழாய், 5000 ஆர்.பி.எம்., ஜி 2.5ன்னா 28.6 கிராம்-மி.மீ. ரெண்டு முனைக்கும் பாதிப்பாதி. 50 மி.மீ. ஆரத்துல ஒரு முனைக்கு 0.3 கிராம்கூட வராது. பம்புக்குப் போடற ஜி 6.3 வழக்கத்தை இங்க கொண்டு வராதீங்க. ஹெலிகாப்டருக்கு அதோட மேனுவல் அளவுதான் முடிவு.

பீளமேட்டிலிருந்து: புல்லியில பண்ற மாதிரி துளை போட்டு எடை குறைக்கலாமுங்களா?

பதில்: கூடவே கூடாதுங்க. மெல்லிசு அலுமினியக் குழாய். துளை விளிம்புலதான் விரிசல் பிறக்கும். மேனுவல் காட்டற இடத்துல தகடு ஒட்டறது, ஷாஃப்ட்டுகளை இணைக்கற கப்ளிங்கோட போல்ட்டுக்கு வாஷர் சேர்க்கறது, அவ்வளவுதான்.

ஈரோட்டிலிருந்து: சோதனைக்குன்னு 5 கிராம் ட்ரயல் வெயிட் போட்டுட்டேனுங்க. அதிர்வு அளவு 8லிருந்து 6 ஆச்சு, கோணம் 40°லிருந்து 100° போயிருச்சு. இன்னும் 5 கிராம் சேர்க்கட்டுங்களா?

பதில்: கோணத்தை விட்டுட்டு அளவை மட்டும் பார்க்கறதுதான் பெரிய தப்புங்க. காகிதத்துல 40°ல 8 செ.மீ., 100°ல 6 செ.மீ. கோடு போடுங்க. முதல் கோட்டு முனையிலிருந்து ரெண்டாவது முனைக்கு 7.2 செ.மீ. வரும், அதுதான் உங்க 5 கிராம் செஞ்ச வேலை. வேண்டிய எடை 5 × 8 ÷ 7.2, அதாவது 5.5 கிராம். ட்ரயல் இடத்திலிருந்து 46° தள்ளணும். கருவி காட்டற கோணம் ஃபேஸ் தாமதம்னா (அதிர்வு எவ்வளவு பின்தங்கி வருதுங்கறது), சுழற்சிக்கு எதிர்த்திசையில தள்ளுங்க. ஆறு போல்ட் கப்ளிங்ல துளைக்குத் துளை 60°, 46°ல துளை கிடைக்காது. ட்ரயல் துளையில 1.5, அடுத்ததுல 4.6 கிராம்னு பிரிங்க. முதல்ல ட்ரயல் வெயிட்டைக் கழட்டுங்க, பல பேர் மறக்கறது இதைத்தான்.

பல்லடத்திலிருந்து: மெஷின்ல சரியா இருந்துச்சு, மாட்டினதும் ஆடுதுங்க.

பதில்: கப்ளிங்கை மேட்ச் மார்க் (கழட்டறப்ப ரெண்டு பக்கமும் போட்ட அடையாளக் கோடு) பார்த்து மாட்டினீங்களா? ஒரு போல்ட் துளை மாறினாலே பேலன்ஸ் போயிரும். சுழற்சியைப் போல ரெண்டு மடங்கு அலைவரிசையில அதிர்வு இருந்தா முதல்ல அலைன்மென்ட்டை (ஷாஃப்ட்டுகள் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு) பாருங்க, எடையில தீராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோணம் மாறுச்சுன்னா குழாய்க்குள்ள எண்ணெயோ தண்ணியோ புகுந்திருக்கலாம். குழாய் நசுங்கியிருந்து, அது மேனுவல் எல்லையைத் தாண்டியிருந்தா, வெயிட் தேடாம ஷாஃப்ட்டைத் தள்ளி வெச்சிருங்க.